சுவரைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: மும்பை மலைச்சரிவுகளில் நான் கற்றது

பாண்டுப், விக்ரோலி, காட்கோபர் பக்கம் மலைச்சரிவில் குடியிருக்கும் நம்மவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தம்பி, பின்னால சுவர் கட்டிட்டாங்க. இனிமே பயமில்லைதானே?" ஒரு வரியில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். மண்ணைத் தாங்கும் சுவர் தேவைப்படும் இடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் சரிவு நிற்குமா இடியுமா என்பதை முடிவு செய்வது அதற்குள் தேங்கும் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்காமல் கட்டிய சுவரை நம்பி அதன் அடியில் பிள்ளைகளைப் படுக்க வைப்பது ஆபத்து.

நான் பொறியியல் நிலவியல் படித்தவன். சாலை, சுரங்கப்பாதை, அடுக்குமாடி அடித்தளம் என்று மும்பையைச் சுற்றித்தான் வேலை. வளர்ந்ததும் மலையை ஒட்டிய ஒரு சாலில் (வரிசை அறைக் குடியிருப்பில்) தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை நாள் கிடைத்தால் நண்பர்களோடு பஸ்திகளுக்கு, அதாவது குடிசைப் பகுதிகளுக்கு, போய் சரிவுகளைப் பார்த்துச் சொல்வதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறோம். நிலத்தின் வடிவத்தைப் படித்து, அங்கே எதைக் கட்டலாம், எது இடியும் என்று சொல்லும் துறைக்குப் பொறியியல் புவிப்புறவியல் என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் அதில் பாதி, நடந்து பார்ப்பதும் விசாரிப்பதும்தான்.

மும்பையின் குன்றுகள் உயரமானவை இல்லை. ஊட்டியும் மூணாறும் பார்த்தவர்களுக்கு இவை வெறும் மேடுகள். ஆனால் 2000 ஜூலை 12 அன்று காட்கோபர் ஆசாத் நகரில் சரிவு இடிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2005 ஜூலை 26 பெருமழையில் சாக்கி நாக்காவில் மண்ணுக்குள் ஏராளமானோர் புதைந்தார்கள். 2021 ஜூலை 18 அதிகாலை சேம்பூர் பாரத் நகரில் சுவர் விழுந்தது, அதே இரவில் விக்ரோலி சூர்யா நகரில் மண் சரிந்தது. இரண்டிலும் சேர்த்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். எல்லாமே ஜூலை. வறண்ட மே மாதத்தில் அதே சரிவுகள் அதே கோணத்தில்தான் நின்றுகொண்டிருந்தன.

மழை பெய்தால் மண் ஏன் இடிகிறது என்று கேட்டால், தண்ணீரின் பாரம் தாங்காமல் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். பாரம் கொஞ்சம் கூடுவது உண்மைதான். பெரிய காரணம் வேறு. மண்ணைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் துகள்களுக்கிடையே இருக்கும் உராய்வு. மேலே உள்ள மண் கீழே உள்ளதை அழுத்துவதால் அந்த உராய்வு கிடைக்கிறது. துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் தண்ணீர் நிரம்பி அழுத்தம் ஏறும்போது, அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தூக்கிப் பிரிக்கப் பார்க்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைந்தால் உராய்வும் குறையும். கார்ல் டெர்சாகி 1920-களில் இதை விளக்கிய பிறகுதான் மண் பொறியியல் என்ற துறையே நிமிர்ந்து நின்றது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பஸ்தி இளைஞர்களிடமும் இதைத்தான் எழுதிக் காட்டுவேன். பசைத்தன்மை இல்லாத தளர்ந்த மண், அதன் உராய்வுக் கோணம் 35 பாகை. அது 25 பாகைச் சரிவில் பாறைமேல் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது தாங்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் சுமார் 1.5 வரும். நல்ல பாதுகாப்புதான், நிரந்தரச் சரிவுகளுக்குப் பொறியாளர்கள் வழக்கமாகக் கேட்பதும் 1.5-தான். இப்போது அதே மண்ணில் தண்ணீர் மேல்மட்டம் வரை ஏறி, சரிவுக்கு இணையாக ஓடுகிறது என்று வையுங்கள். அந்த எண் ஏறக்குறைய பாதியாகிறது, அதாவது 0.75. ஒன்றுக்குக் கீழே போனால் மண் நிற்காது. கோணம் மாறவில்லை, மண் மாறவில்லை, வீடு கூடவில்லை. தண்ணீர் ஏறியது மட்டும்தான்.

அப்படியானால் கோடையில் 60, 70 பாகையில் வெட்டிய மண் எப்படி நிற்கிறது? களிமண்ணின் பசையும், பாதி ஈரமாக இருக்கும் மண்ணில் உண்டாகும் உறிஞ்சு விசையும் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த உறிஞ்சு விசை தொடர்மழையில் கரைந்து போகும். "நாலு வருஷமா நிக்குதே" என்பது ஆதாரம் ஆகாது. அந்த நாலு வருடத்தில் வராத மழை ஐந்தாவது வருடம் வரலாம்.

இனி அடியில் இருக்கும் பாறை. மும்பை இருப்பது தக்காணத்தின் எரிமலைப் பாறைகள்மேல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த குழம்பு அது. ஊருக்குப் போகும்போது கர்ஜத் தாண்டி லோனாவாலாவுக்கு ரயில் ஏறும் இடத்தில், வெட்டிய பாறைச் சுவர்களைக் கவனியுங்கள். கறுப்பும் சாம்பலுமான பாறைக்கு இடையில் செங்கல் நிறத்தில் மெல்லிய பட்டைகள் தெரியும். ஒரு குழம்பு உறைந்து அடுத்தது வருவதற்குள் ஆன செந்நிறக் களி அடுக்குகள் அவை. மேலே விரிசல் விட்ட பாறை தண்ணீரை இறக்கிவிடும், கீழே இந்தக் களி அதைத் தடுத்துவிடும். ஆகவே அந்தப் பட்டைக்கு மேலே தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். அங்கேதான் பாறை தளர்கிறது. அந்தப் பாதையில் கற்களைப் பிடிக்கக் கம்பி வலைகள் கட்டியிருப்பது இது போன்ற இடங்களில்தான்.

நகருக்குள் நாம் பார்ப்பது இதன் சிதைந்த வடிவம். பாறை வெங்காயம்போல் தோல் தோலாக உரிந்து, நடுவில் உருண்டைக் கல்லும் சுற்றிலும் முரும் எனப்படும் சிதைந்த சரளை மண்ணுமாக மாறியிருக்கும். முரும் வெட்டச் சுலபம், வெட்டியதும் நேராக நிற்கும், அதனால் எல்லோரும் துணிந்து வெட்டுகிறார்கள். மழையில் முரும் கரைந்துபோனால் நடுவிலிருந்த உருண்டைக்கல் பிடிமானம் இல்லாமல் உருளும். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே பாறை இனம் வேறு, உருண்டைக் கற்களும் மண்ணும் கலந்து தங்கியிருக்கும் சரிவின் அடிவாரத்தில் வீடு என்ற நிலைமை ஒன்றுதான்.

சரிவைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஆட்டோவில் அடிவாரத்தில் இறங்கி, சுவரைப் பார்த்து, படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் மேலிருந்து தொடங்குவேன். முகட்டில் நின்று பார்த்தால் சரிவு ஒரே தளமாக இருக்காது. சில இடங்களில் வெளியே புடைத்து நீளும், சில இடங்களில் உள்வாங்கி மடிந்திருக்கும். புடைப்பில் விழும் மழை இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். மடிப்பில் அது ஒன்று சேரும். தண்ணீர் மட்டுமில்லை, நூற்றாண்டுகளாக மேலிருந்து கழுவப்பட்ட தளர்ந்த மண்ணும் அங்கேதான் தடிமனாகப் படிந்திருக்கும். கோணம் குறைவாக, இதமாகத் தெரியும். வீடு கட்ட வசதியான இடமாகவும் தெரியும். செங்குத்தான புடைப்பில் இருப்பவர் பயப்படுகிறார், இதமான மடிப்பில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பல சரிவுகளில் இது தலைகீழாக இருக்க வேண்டும்.

பெட்டிமுடியில் நடந்ததைத் தென் மாவட்டக்காரர்கள் மறந்திருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கத் தேயிலைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மேல் மண்ணும் பாறையும் வந்து இறங்கி எழுபது பேர் இறந்தார்கள். கயத்தாறு பகுதியிலிருந்து போன குடும்பங்கள் அதில் நிறைய. லயங்கள் இருந்தது மேலே நீர் சேரும் மடிப்பிலிருந்து ஓடை இறங்கி வரும் வழியில். மண் சரியத் தொடங்கிய இடம் வீடுகளிலிருந்து வெகு தொலைவு. வீட்டைச் சுற்றி மட்டும் பார்த்தால் எதுவும் தெரிந்திருக்காது.

மும்பையில் சிக்கல் என்னவென்றால், மடிப்பும் ஓடையும் வீடுகளுக்கு அடியில் மறைந்துவிட்டன. அதனால் அந்த இடத்தில் நீண்ட நாள் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். பாண்டுப் பக்கம் ஒரு பஸ்தியில் நாங்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு குழம்பியபோது, மாவு அரைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இந்த கல்லி முன்னே நாலாதான் தம்பி. ரேபிட் கொட்டி மூடித்தான் ரூம் கட்டினாங்க. இப்பவும் ஜூலையில ராத்திரி எங்க அடுப்படித் தரைக்கு அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்கும்."

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மிக முக்கியமான தகவல் அதுதான். நாலா என்றால் ஓடை, கல்லி என்றால் சந்து. ரேபிட் என்னும் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினாலும் ஓடை தன் வழியை விடவில்லை. அந்த நிரப்பு மண்ணுக்கு அடியில் ஓடி, மண்ணின் நுண்துகள்களை அரித்துக்கொண்டு போகிறது. அந்த கல்லியின் கீழ்முனையில் இருந்த சுவரின் அடிப்பகுதியில்தான் ஒவ்வொரு மழையிலும் கலங்கல் நீர் வந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தபோது, முகட்டுக்குக் கீழே இருந்த பழைய வடிகால் ஒன்று உடைந்து, முழு மழைநீரும் நேராக அந்த மடிப்புக்குள் இறங்குவது தெரிந்தது. பஸ்திக் கமிட்டிக்காரர்கள் வார்டு அலுவலகத்துக்கு நடையாக நடந்து அந்த வடிகாலைச் சரிசெய்ய வைத்தார்கள், ஒரு பகுதியைத் தாங்களே பணம் போட்டுப் பெரிய பிவிசி பைப் வைத்து புடைப்புப் பக்கமாகத் திருப்பினார்கள். அடுத்த மழைக்காலத்தில் கலங்கல் குறைந்துவிட்டது. ஆபத்து முழுக்கப் போய்விட்டது என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. நிரப்பு மண் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் புதிய சுவருக்காகும் செலவில் மிகச் சிறிய பங்கில், சுவரால் செய்ய முடியாத வேலை நடந்தது.

நிரப்பு மண் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சரிவில் வீடு கட்டும்போது மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமன் செய்கிறார்கள். பாதி வீடு வெட்டிய கெட்டித் தரையில், பாதி கொட்டிய மண்ணில். கொட்டிய பாதி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கும். வீட்டின் நடுவே, சரிவுக்குக் குறுக்காகத் தரையில் ஒரு விரிசல் விழுந்து, வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதால் நமக்கு வர வேண்டிய எச்சரிக்கை போய்விடுகிறது. கொட்டிய மண்ணில் பிளாஸ்டிக் பைகள் அடுக்கடுக்காகக் கலந்திருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு அடுக்கும் ஒரு வழுக்குத் தளம்.

கோணத்தை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனாரின் டியூப் லெவலும் ஒரு டேப்பும் போதும். கிடைமட்டமாக ஒரு மீட்டர் போனால் 47 செ.மீ இறக்கம் என்றால் 25 பாகை. 70 செ.மீ என்றால் 35 பாகை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் 45. தளர்ந்த மண்ணோ கொட்டிய மண்ணோ 30 பாகையைத் தாண்டி இருந்தால் அது காய்ந்திருக்கும்போதே எல்லையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கல்குவாரி முகங்கள் தனி வகை. நகரத்தின் கட்டடங்களுக்காகக் குன்றுகளை வெட்டியெடுத்து, செங்குத்தான பாறைச் சுவர்களை விட்டுப் போயிருக்கிறார்கள். பவாய், சாந்திவலி பக்கம் பார்க்கலாம். அங்கே மண்சரிவைவிடக் கல் விழுவதுதான் அச்சம். அடிவாரத்தில் கிடக்கும் கற்களின் முகத்தைப் பாருங்கள். பழுப்பேறி பாசி படிந்திருந்தால் விழுந்து பல காலம் ஆகிறது. உடைந்த முகம் சாம்பல் கலந்த கறுப்பாகப் பளிச்சென்று இருந்தால் சமீபத்தில் விழுந்தது. புதிய கல் கிடக்கும் இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது, தண்ணீர் டிரம் வைக்கும் சாக்கில்கூட யாரும் நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் வேர்விட்ட அரச மரம் இருந்தால் அதைப் பற்றி எழுதிக் கொடுங்கள். வேர் பருக்கப் பருக்க இடுக்கு அகலும்.

இனி சுவருக்கு வருவோம். நான்கு மீட்டர் உயரச் சுவர். பின்னால் காய்ந்த மண் இருந்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 5 டன் விசை தள்ளும். பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கிவிட்டால் அது சுமார் 10 டன். இரட்டிப்பு. அந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான் சுவரில் கசிவுத் துளைகள் வைக்கிறார்கள், அதற்குப் பின்னால் சல்லிக்கல் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். சல்லி இல்லாமல் நேராக முரும் மண்ணைத் தள்ளி நிரப்பினால் ஒன்றிரண்டு மழையில் துளைகள் அடைபடும். கட்டும்போதே பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள், முடிந்த பிறகு யாராலும் உள்ளே பார்க்க முடியாது. அந்தச் சல்லி இல்லாததைக் கேட்டதற்காக ஒரு ஒப்பந்தக்காரர் எங்கள் நண்பர்களை மிரட்டியதும் நடந்திருக்கிறது. வேலை நடக்கும் நாளிலேயே தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்ததுதான் பிறகு உதவியது.

நான் போன பல பஸ்திகளில் இந்தத் துளைகளைக் குடியிருப்பவர்களே சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். எலி வருகிறது, பெருச்சாளி வருகிறது, சாக்கடை நீர் வாசலில் விழுகிறது. அவர்கள் சொல்வதும் நியாயம்தான். வாசலில் அழுக்குத் தண்ணீர் ஒழுகும் வீட்டில் ஒரு தாய் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வாள்? அதனால் அடைக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. துளையின் வாயில் இரும்பு வலை, அதற்குக் கீழே சிறிய ஓடுகால், அது நல்ல கட்டரில் (வடிகாலில்) போய்ச் சேரும்படி இணைப்பு, இவ்வளவும் செய்து கொடுத்தால் யாரும் அடைப்பதில்லை.

மழை நாளில் சுவரைப் பார்க்கும்போது துளைகளிலிருந்து தெளிந்த நீர் வந்தால் நல்லது. பலத்த மழையிலும் துளைகள் காய்ந்திருக்க, கல் இடுக்குகளிலும் அடியிலும் ஈரம் வந்தால் தண்ணீர் பின்னால் சிக்கியிருக்கிறது. கலங்கலாக வந்தால் மண் உள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது. சுவரின் வயிறு வெளியே தள்ளியிருந்தால் இனி அது சுவர் என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

வரைபடங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை நாடு முழுக்க நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை 1:50,000 அளவில் தயாரித்திருக்கிறது, அதன் பூகோஷ் இணையதளத்தில் பார்க்கலாம். பயனுள்ள வேலை. ஆனால் அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் கல்லி முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், போன வருடம் பின்வீட்டுக்காரர் வெட்டிய ஐந்து மீட்டர் அதில் வரவே வராது. வரைபடத்தில் நிறம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. 2023 ஜூலை 19 இரவு ராய்கட் மாவட்டத்தில் மண்ணுக்குள் போன இர்ஷால்வாடி, நிலச்சரிவு அபாய கிராமங்களின் பட்டியலிலேயே இல்லை.

சரிவின் அபாயத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றும் இருக்கிறது. ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நிலவியலாளர் அன்பழகன் 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்த முறையை ஒட்டி, 1998-இல் ஐ.எஸ். 14496 பகுதி 2 என்ற இந்தியத் தரநெறி வந்தது. பாறை வகை, பாறை அமைப்பு, சரிவின் வடிவம், நிலப் பயன்பாடு இவற்றுக்குத் தலா 2, உயர வேறுபாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் தலா 1, மொத்தம் 10. மலைப்பிரதேசங்களைப் பெரிய பரப்பில் வகைப்படுத்த உருவானது அது. மும்பைக் குன்றுகளில் நான் பார்க்கும்போது நீருக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் அதைவிட அதிக எடை கொடுப்பேன். இங்கே மலையின் உயரம் சிறிது, மனிதர் செய்த மாற்றம் பெரிது. மேலே தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா, கழிப்பறைத் தொட்டி மண்ணில் நேராக இறங்குகிறதா, யார் எங்கே அடிவாரத்தை வெட்டினார், எத்தனை மாடி ஏறியிருக்கிறது? இவற்றைத்தான் முதலில் குறிப்பேன். கோடையிலும் ஈரமாக இருக்கும் சரிவைக் கண்டால் மேலே எங்கோ குழாய் ஒழுகுகிறது. அந்தச் சரிவு பாதி நனைந்த நிலையில்தான் ஜூன் மாதத்துக்குள் நுழைகிறது.

மழையளவு விஷயத்தில் தொலைக்காட்சியில் சொல்லும் "மும்பை மழை"யை நம்பாதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ பதிவானபோது கொலாபாவில் பதிவானது சுமார் 74 மி.மீ. அதன் பிறகு மாநகராட்சி நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறது, உங்களுக்கு அருகிலுள்ளதன் எண்ணைப் பாருங்கள். இல்லையென்றால் நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து அளவுகோலால் அளந்தால் போதும். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ தாண்டினால் கனமழை, 115.5 தாண்டினால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை. முந்தைய நாட்களின் மழையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலைந்து நாள் ஊறிய மண்ணுக்கு அதன் பிறகு வரும் 100 மி.மீ போதுமானதாக இருக்கும்.

நாங்கள் சில பஸ்திகளில் ஏற்படுத்தியிருக்கும் வழக்கம் இது: பல நாள் தொடர்மழைக்குப் பிறகு 24 மணி நேர அளவு 115 மி.மீ-ஐத் தொட்டால், வெட்டுமுகத்துக்கு (சரிவை வெட்டிய செங்குத்துப் பக்கத்துக்கு) நேர் கீழே இருக்கும் வரிசை வீடுகளில் யாரும் இரவு தங்குவதில்லை. எல்லாச் சரிவுக்கும் பொருந்தும் எல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொன்றும் வேறு. முன்கூட்டியே ஒரு எண்ணை ஒப்புக்கொண்டிருப்பதால் அந்த நேரத்தில் வாக்குவாதம் வராது, அவ்வளவுதான். முடிவை மாலை வெளிச்சம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். பெட்டிமுடி, இர்ஷால்வாடி, விக்ரோலி, 2024-இல் வயநாடு, எல்லாம் இரவில்தான் நடந்தன. இருட்டில், மின்சாரம் போன பிறகு, கிழவியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது.

விரிசல் தெரிந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து இடைவெளியை அளந்து, சுவரில் தேதியோடு எழுதுங்கள். மே மாதத்தில் இதைத் தொடங்கிவிட்டால் ஜூலையில் ஒப்பிட ஒரு அளவு கையில் இருக்கும். மாதக்கணக்கில் ஒரே அளவாக இருந்தால் சரி, பார்த்துக்கொண்டிருக்கலாம். நேற்றைவிட இன்று, இன்றைவிட நாளை என்று வேகம் கூடினால் அளந்துகொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள். சரிவின் மேல்பகுதியில் பிறை வடிவில் மண்ணில் விரிசல் கண்டாலும் அப்படித்தான். அதற்குள் மழை இறங்காமல் களிமண் போட்டு அடைத்து, மேலே தாட்பத்ரி (தார்ப்பாய்) விரிப்பது தற்காலிக உதவி. கதவு திடீரென்று அடைக்க முடியாமல் பிடிப்பது, மின்கம்பம் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, எப்போதும் ஓடும் நீர் மழையின் நடுவே திடீரென நிற்பது, இவற்றில் எதைக் கண்டாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஒருவர் கண்டது இன்னொருவர் கண்டதோடு சேர்ந்தால்தான் வடிவம் தெரியும்.

விரிசலை வெளியே சொல்ல மக்கள் தயங்குவதையும் நான் புரிந்துகொள்கிறேன். சொன்னால் நோட்டீஸ் வரும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், மாற்று இடம் எங்கோ தொலைவில், வேலையும் பள்ளியும் போய்விடும். இலவச மாற்று வீட்டுக்குக் கேட்கும், 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கான ஆதாரம் கையில் இல்லாதவருக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். ஒவ்வொரு மே, ஜூனிலும் ஒட்டப்படும் அபாய எச்சரிக்கைத் தாள் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். நிலத்தைப் படிக்கத் தெரிந்த நாங்கள் ஆபத்தை மட்டும் குறித்துவிட்டு ஒதுங்கிவிட்டால், அந்தத் தாளுக்கும் எங்களுக்கும் வேறுபாடு இல்லை. அதனால் முழுப் பஸ்தியையும் அபாயம் என்று எழுதுவதை நான் தவிர்க்கிறேன். எந்த வரிசை, எந்த மடிப்பு, எந்த வெட்டுமுகம், எந்த மழையில் என்று பிரித்து எழுதினால், பத்து வீட்டை அதே குன்றின் பாதுகாப்பான புடைப்புப் பக்கம் மாற்றலாமா என்று பேச முடிகிறது. மழைக்கால மூன்று மாதம் மட்டும் அருகில் ஒரு மண்டபத்தில் தங்க இடம் கேட்க முடிகிறது.

கமிட்டிக்காரர்கள் மனு எழுதும்போது "சுவர் கட்டித் தரவும்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாமல் இப்படி எழுதுங்கள்: முகட்டுக்குக் கீழே வடிகால் எத்தனை மீட்டர் உடைந்திருக்கிறது, அடைபட்ட கசிவுத் துளைகள் எத்தனை, எந்த வீட்டுக்குப் பின்னால் வெட்டுமுகம் எத்தனை மீட்டர் உயரம், மழையில் எங்கே கலங்கல் வந்தது, விரிசல் எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர். அருகில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்த படங்களைச் சேருங்கள். ஒரு பிரதியை ஏப்ரலிலேயே கொடுத்து முத்திரை வாங்கி வைத்துவிடுங்கள், மே கடைசியில் கொடுத்தால் டெண்டர் முடிவதற்குள் மழை வந்துவிடும்.

மண் நகரத் தொடங்கிய சத்தம் கேட்டால் கீழ்நோக்கி ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில், மடிப்பிலிருந்து விலகி, அருகிலுள்ள புடைப்பு இருக்கும் திசையில் ஓடுங்கள். அந்தத் திசை எது என்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு மே மாதத்திலேயே நடந்து காட்டிவிடுங்கள்.